டெல்டாப் பள்ளியில் பருவகாலப் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

வெண்ணாற்றங்கரை ஆசிரியை:

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம். நீடாமங்கலம் பகுதியில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்குப் பாடம் நடத்தி வருகிறேன். வானிலையும் பருவகாலங்களும் பற்றிய பாடத்தை இந்த ஆண்டு அவசரமின்றி, பிள்ளைகளின் மனத்தில் நிற்கும்படி நடத்த விரும்புகிறேன். அதற்கு உங்கள் ஆலோசனை வேண்டும்.

எங்கள் வகுப்பறைச் சுவரில் கடையில் வாங்கிய பருவகாலப் படம் ஒன்று தொங்குகிறது. பூத்துக் குலுங்கும் மரம், சுட்டெரிக்கும் சூரியன், உதிர்ந்து கிடக்கும் சிவந்த இலைகள், வெண்பனி மூடிய வீடு என்று நான்கு கட்டங்கள். பிள்ளைகள் நான்கின் பெயர்களையும் தடையின்றி ஒப்பிக்கிறார்கள். ஆனால் ஆடி மாதக் கடைசியில், "இப்போது என்ன காலம்?" என்று நான் கேட்டபோது, ஒருவன் வெயில் காலம் என்றான், ஒருத்தி நடவு காலம் என்றாள், மற்றொருவன் தண்ணீர் வந்த காலம் என்றான். அந்தப் படத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போது பின்வரிசைச் சிறுமி ஒருத்தி, "மழையே பெய்யல, வாய்க்கால்ல மட்டும் எப்படி டீச்சர் தண்ணி வருது?" என்று கேட்டாள். பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாமா என்று யோசிக்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. ஒரு நாள் மாலையில் இடியோடு மழை பெய்துவிட்டால், மறுநாள் வகுப்பே மழைக்காலம் வந்துவிட்டது என்கிறது. ஒரு நாளின் வானிலைக்கும் ஒரு பருவத்துக்கும் உள்ள வேறுபாட்டை இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது? மேலும், நம் மரபில் பருவங்கள் ஆறு, வானிலைத் துறையின் கணக்கில் நான்கு. இவற்றில் எதைச் சொல்லிக் கொடுப்பது?

குடமுருட்டி (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்):

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தயங்காமல் அந்தச் சிறுமியின் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். டெல்டாவின் பருவகாலம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. சுவரில் உள்ள படத்தை இப்போதைக்குக் கழற்றி வைத்துவிடுவதே நல்லது. உலகில் அப்படிப்பட்ட ஊர்களும் உண்டு என்பதை ஐந்தாம் வகுப்பில் சொன்னால் போதும். தன் ஊரின் பருவத்தைக் கண்ணால் பார்த்து அறியாத பிள்ளைக்கு வெண்பனி மூடிய வீடு வெறும் படமாகத்தான் இருக்கும்.

நமக்குத் தண்ணீர் இரண்டு வழிகளில், இரண்டு வேறு காலங்களில் வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழும்பிக் குளிர்ந்து, குடகிலும் வயநாட்டிலும் மழையாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அதில் ஈரம் குறைவு. ஆகவே நமக்கு வெயிலும் காற்றும், எப்போதாவது ஒரு மாலை இடிமழையும் மட்டுமே கிடைக்கின்றன. ஆனால் குடகில் பெய்த அதே மழை காவிரியாக ஓடி, மேட்டூரில் தேங்கி, கல்லணையில் பிரிந்து, உங்கள் பள்ளிக்குப் பக்கத்து வாய்க்காலுக்கு வந்து சேர்கிறது. அந்தச் சிறுமி பார்த்தது வேறோர் ஊரின் மழை. அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைதான் நம் வானத்திலிருந்தே விழுவது. நம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதங்களில் கிடைத்துவிடுகிறது.

இதை வகுப்பறைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டுங்கள். ஒரு மூலையில் குடகு மலை, நடுவில் மேட்டூர், பிறகு முக்கொம்பு, கல்லணை, வெண்ணாறு, கடைசியில் கடல். ஒரு பிள்ளை மேட்டூரில் நின்று மதகைத் திறக்கட்டும். மற்றொரு பிள்ளை தண்ணீராக நடந்து வரட்டும். மேட்டூரில் திறந்த நீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள்கள் ஆகும், வாய்க்காலின் கடைசி வயல்களான கடைமடைக்கு வர மேலும் பல நாள்கள் ஆகும் என்பதை நடந்து பார்க்கும் பிள்ளை மறப்பதில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். ஆயினும் 2022-இல் மே 24 அன்றே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆற்றின் பருவமும் ஆண்டுக்கு ஆண்டு முன்பின்னாக வரும் என்பதற்கு இந்த மூன்று தேதிகளே போதுமான சான்று.

வானிலைக்கும் பருவத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கவுரையால் புரியவைக்க இயலாது என்பது என் உறுதியான கருத்து. நீளமான தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, நாளுக்கு ஒரு கட்டம் போடுங்கள். வெயில் நாளுக்கு மஞ்சள், மேகமூட்டத்துக்குச் சாம்பல், மழைக்கு நீலம், காலைப் பனிமூட்டத்துக்கு வெள்ளை. நாளுக்கு ஒரு பிள்ளை முறைவைத்து வண்ணம் தீட்டட்டும். கட்டத்தின் ஓரத்தில் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா என்பதற்கு ஒரு சிறு கோடு போட்டால் போதும். ஆவணி மாதத் தாளில் மஞ்சளுக்கு நடுவே இரண்டு மூன்று நீலக் கட்டங்களும், ஐப்பசித் தாளில் நீலத்துக்கு நடுவே சில மஞ்சள் கட்டங்களும் தெரியும்போது, ஒரு கட்டம் அன்றைய வானிலை, மாதம் முழுவதும் மேலோங்கி நிற்கும் வண்ணம் பருவம் என்று பிள்ளைகளே சொல்வார்கள். பொங்கலுக்குள் இந்தத் தெளிவு வந்துவிடும். ஆகவே இதை ஒரு வாரப் பாடமாக முடித்துவிடாமல் ஆண்டு முழுவதும் நாளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

ஆறு, நான்கு என்ற கணக்கைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற பெயர்களைத் தமிழ்ப் பாடத்தில் சொல்லிக் கொடுங்கள். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம் என்று மனப்பாடம் செய்த பிள்ளை, நம் ஊரில் அடைமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்வதைத் தாளில் பார்த்துக் கேள்வி கேட்டால் மகிழ்ச்சியோடு வரவேற்க வேண்டும்.

நிழல்மானி (அறிவியல் ஆசிரியர், மன்னார்குடி):

ஐயா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கோடையில் ஏன் சுடுகிறது என்று கேட்டால், சூரியன் பக்கத்தில் வந்துவிடுகிறது என்றே பெரும்பாலான பிள்ளைகள் சொல்கிறார்கள். ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளும் இதையே சொல்கிறார்கள். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில்தான். அப்போது தொலைவு சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலைத் தொடக்கத்தில் அது சுமார் 15.2 கோடி கிலோமீட்டர். நாம் மார்கழிக் குளிரில் போர்த்திக்கொண்டிருக்கும்போது சூரியன் நமக்கு அருகில் இருக்கிறது என்பதைக் கேட்டாலே பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பதைத் தொடக்க வகுப்பில் உருண்டையை வைத்து விளக்குவதைக் காட்டிலும், மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு நண்பகல் நிழலை அளக்கச் செய்யலாம். நிழல் மிகவும் குறுகி நிற்கும் நேரமே நண்பகல். நம் ஊரில் டிசம்பர் 21-ஐ ஒட்டி அந்த நிழல் வடக்குப் பக்கம் ஏறத்தாழ 68 சென்டிமீட்டர் நீளும். பிறகு வாரந்தோறும் சுருங்கிக்கொண்டே வந்து, ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் குச்சியின் காலடியிலேயே மறைந்துவிடும். அதன்பின் நிழல் தெற்குப் பக்கம் விழத் தொடங்கி, ஜூன் 21-ஐ ஒட்டி 22 சென்டிமீட்டர் வரை போய்த் திரும்பி வந்து, ஆகஸ்ட் நான்காம் வாரத்தில் மீண்டும் மறையும். ஏப்ரலில் தேர்வும் விடுமுறையும் குறுக்கிடக்கூடும். ஆகவே ஆகஸ்டைக் குறிவைத்து, கடிகாரத்தில் 12.15 ஆகும்போது அனைவரையும் வெளியே அழைத்துச் செல்லுங்கள். சூரியனை அண்ணாந்து பார்க்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சூரியன் உச்சிக்கு வரும் நாள்களும் சாய்ந்து போகும் நாள்களும் நிழலிலேயே தெரிந்துவிட்டால், சாய்வு என்னும் கருத்து மேல்வகுப்பில் எளிதாக ஏறும்.

வெண்ணாற்றங்கரை ஆசிரியை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வண்ணக் கட்டத் தாளை வரும் திங்கட்கிழமையே தொடங்கிவிடுகிறேன். மழையை அளக்கவும் பிள்ளைகளைப் பழக்க எண்ணுகிறேன். ஆனால் நம் மாவட்டங்களில் பெருமழை பெய்யும் நாளில்தான் பள்ளிக்கு விடுமுறை விடுகிறார்கள். அளக்க வேண்டிய நாளில் அளக்க ஆள் இல்லாமல் போகிறதே, அதற்கு என்ன செய்வது? தட்டான் தாழப் பறந்தால் மழை, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் மழை என்று பாட்டிமார் சொல்வதையும் பிள்ளைகள் வகுப்புக்குக் கொண்டு வருகிறார்கள். அவற்றைப் பாடத்தில் சேர்க்கலாமா?

சம்பா வயல்:

நான் ஆசிரியன் அல்லன், வலங்கைமான் பக்கத்து விவசாயி. என் மகள் நான்காம் வகுப்பில் படிக்கிறாள் என்ற உரிமையில் எழுதுகிறேன். தட்டான் கதையைத் தள்ளிவிட வேண்டாம். தட்டான் தாழப் பறந்த நாளைக் குறித்து வைத்து, மறுநாள் மழை வந்ததா என்று பிள்ளைகளே சரிபார்க்கட்டும். மெய்யாகுமா ஆகாதா என்பதை அவர்களுடைய தாள் சொல்லட்டும்.

பருவம் தவறிய மழையையும் பாடத்தில் வையுங்கள். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும், கதிர் முற்றி அறுவடைக்கு நின்ற சம்பா, பெருமழையில் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. தையில் மழை பெய்ததால் தை மழைக்காலம் ஆகிவிடாது. ஆனால் பருவத்தை நம்பி நாற்று விடுகிறவனுக்கு அன்றன்றைய வானிலை அறிவிப்பு ஏன் உயிர்நாடி என்பது, சாய்ந்த கதிரில் நெல் முளைவிட்டு நிற்பதைப் பார்த்த பிள்ளைகளுக்குப் புரியும். குறுவை அறுவடையின்போது ஒரு நாள், சம்பா நடவின்போது ஒரு நாள் வகுப்பை வயலுக்கு அழைத்து வாருங்கள். எந்த ஊர் விவசாயியும் மறுக்க மாட்டார்.

கொண்டல் (ஆசிரியர், நாகப்பட்டினம் கடற்கரைப் பள்ளி):

அனைவருக்கும் வணக்கம். கடற்கரைப் பிள்ளைகளிடம் பருவத்தைக் காற்றிலிருந்து தொடங்குவது எளிது. கொடிக்கம்பத்தில் ஒரு துணி நாடாவைக் கட்டி, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று நாள்தோறும் ஒரே நேரத்தில் குறிக்கச் சொல்கிறேன். ஆடியில் பொதுவாக மேற்கிலிருந்து வீசுவதும், ஐப்பசி நெருங்கும்போது திசை மாறி வடகிழக்கிலிருந்து வரத் தொடங்குவதும் தாளிலேயே தெரிந்துவிடும். கோடையில் காலையில் ஒரு பக்கமும் பிற்பகலில் கடற்பக்கமிருந்தும் வீசினால், நிலம் கடலைவிட விரைவில் சூடாவதைப் பற்றிப் பேச அதுவே தக்க தருணம்.

இங்கே புயலைப் பற்றிப் பேசாமல் இந்தப் பாடத்தை முடிக்க இயலாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்ததை இன்றைய தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் பெரியவர்கள் சொல்லித்தான் அறிவார்கள். ஆனால் அச்சம் அவர்களிடமும் இருக்கிறது. அவர்களில் பலர் புயலையும் 2004 டிசம்பர் 26 சுனாமியையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். சுனாமி கடலடி நிலநடுக்கத்தால் வந்தது, அதற்கும் வானிலைக்கும் தொடர்பில்லை. புயலோ கடலில் நாள்கணக்கில் உருவாகி வருவது, முன்கூட்டியே அறிவிக்கக் கூடியது, காரைக்காலில் உள்ள ரேடார் அதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த வேறுபாட்டைச் சொன்னதும் பிள்ளைகளின் முகத்தில் ஓர் ஆறுதல் தெரியும். புயலின் கண், அதாவது அதன் அமைதியான நடுப்பகுதி, கடக்கும்போது காற்று திடீரென நின்றுவிட்டால் வெளியே போகக் கூடாது, சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மீண்டும் வீசும் என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். இது உயிர் காக்கும் செய்தி.

மழையளவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பக்கங்கள் நேராக உள்ள இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டி, வெட்டிய பகுதியைப் புனல்போல் கவிழ்த்து வையுங்கள். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருப்பதால், கூழாங்கல் போட்டு நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்யமாகக் கொண்டு மில்லிமீட்டர் அளவை ஒட்டுங்கள். மரத்தடியிலும் கூரையோரத்திலும் வைக்கக் கூடாது. காற்றில் சாயாதபடி சுற்றிலும் செங்கல் வைத்து நிறுத்துங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். வகுப்பறைக் கூரையில் எத்தனை லிட்டர் விழுந்தது என்று நான்காம் வகுப்புப் பிள்ளைகளே பெருக்கிச் சொல்வார்கள். செய்தியில் கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல், மிகக் கனமழை என்றால் 115.6 மில்லிமீட்டர் முதல் என்று பொருள். அந்த இரண்டு அளவுகளிலும் பாட்டிலில் சிவப்புக் கோடு போட்டு வைத்தால், தொலைக்காட்சியில் கேட்ட சொல்லுக்கு அளவு கண்ணெதிரே இருக்கும்.

வானிலைத் துறை காலை 8.30-க்கு அளவெடுக்கிறது. நீங்கள் பள்ளி தொடங்கும் நேரத்தில் எடுத்தாலும் சரி, நாள்தோறும் அதே நேரமாக இருக்க வேண்டும். மழை விடுமுறைக்கு நாங்கள் கடைப்பிடிக்கும் வழி இதுதான்: பள்ளியை ஒட்டியுள்ள வீட்டுப் பெற்றோர் ஒருவரிடம் அளவைப் பார்த்துக் குறிக்கும்படி முன்பே சொல்லி வைத்திருக்கிறோம். இடி மின்னல் இருக்கும்போது அவரும் வெளியே வர வேண்டியதில்லை, ஓய்ந்த பிறகு பார்த்தால் போதும். அவராலும் முடியாத நாள்களில் பள்ளி திறந்ததும் மொத்த அளவை எடுத்து, விடுபட்ட கட்டங்களை ஒரே கோட்டால் இணைத்து அந்த அளவை எழுதுகிறோம். அளக்காத நாளில் பூஜ்யம் என்று மட்டும் எழுத விட வேண்டாம். ஒருமுறை எழுதிவிட்டால், மழை பெய்யாத நாளுக்கும் பார்க்காத நாளுக்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடும்.