பொருள்: வான்ரோந்தா, வான்காவலா? வெள்ளிக்குள் வேண்டும்

க.ம. எழுதியது:
குழுமத்தாருக்கு வணக்கம். சட்டக் கல்லூரிப் பாடக்குறிப்பு ஒன்று வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா மூன்றுக்கும் சொந்தப் போர்விமானம் கிடையாது. 2004 முதல் நேட்டோ ராணுவக் கூட்டணி நாடுகள் முறைவைத்து அனுப்பும் விமானங்களே அந்த வானைக் காக்கின்றன. இதை 'வான்ரோந்து' என்று பெயர்த்திருக்கிறேன். பொருந்துமா?

புலவர் செ. எழுதியது:
ரோந்து எதற்கு? மதுரைக்காஞ்சியின் ஊர்காப்பாளர் நள்ளிரவு மழையிலும் தெருச் சுற்றியவர்கள். 'வான்காவல்' என்க. சோழர் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' (ஊர்க்காவல்) உண்டு. அதற்கென ஊரார் வரியே செலுத்தினார்கள். 'வான்பாடிகாவல்' இன்னும் நயம். 'பாடி'யின் வேர் பற்றித் தனிமடல் எழுதுகிறேன்.

வழக்கறிஞர் த. எழுதியது:
ஐயா, வேர் இருக்கட்டும். காவல் என்றால் வீட்டுக்காரர் கூப்பிட்டிருக்க வேண்டும். அந்த மூன்று பால்டிக் நாடுகளும் கூப்பிட்டன, சரி. 1991 முதல் 2003 வரை ஈராக் வானில் பறக்கத்தடை போட்டு அமெரிக்காவும் பிரிட்டனும் சுற்றினவே, பாக்தாத் கூப்பிட்டதா? ஐ.நா. பாதுகாப்பு அவையின் 688-ஆம் தீர்மானத்தைக் காட்டினார்கள். அதில் பறக்கத்தடை என்ற பேச்சே இல்லை. 2011-இல் லிபியாவுக்கான தீர்மானமோ பறக்கத்தடையை வெளிப்படையாகவே அனுமதித்தது. மூன்றையும் காவல் என்றால், சட்டத்தின் முன் மூன்றும் ஒன்றே என்று மாணவன் படித்துவிடுவான். ரோந்து யார் பக்கமும் சாயாத சொல்.

க.ம. எழுதியது:
அதே பக்கத்தில் இன்னொரு சிக்கல். விமானம் கிளம்ப உத்தரவு நேட்டோ மையத்திலிருந்து வருகிறது. ஆனால் 2018-இல் ஸ்பெயின் விமானம் ஒன்று எஸ்தோனியா மேல் தவறுதலாக ஏவுகணையைச் செலுத்தியபோது, தன் விமானியை ஸ்பெயின்தான் விசாரித்தது. இரண்டு அதிகாரத்துக்கும் 'கட்டளை' என்றே எழுதித் தொலைத்திருக்கிறேன்.

த. எழுதியது:
படையை உடைய நாட்டின் அதிகாரம் 'தலைமை'. அன்றாடம் வேலை வாங்கும் அதிகாரம் 'ஏவல்'. எந்த நாடும் தலைமையை விட்டுக்கொடுப்பதில்லை. ஏவலை மட்டும் கூட்டணியிடம் ஒப்படைக்கிறது. கடத்தப்பட்ட பயணிகள் விமானத்தை என்ன செய்வது என்பது இரண்டிலும் சேராது. அது எந்த நாட்டு வானோ, அந்த அரசின் முடிவு.

செ. எழுதியது:
ஏவல் என்றதும் மாணவர்கள் பில்லி சூனியத்தைத் தேடுவார்கள். 'பணிப்பு' என்க.

க.ம. எழுதியது:
பால்டிக்குக்கு வான்காவல், ஈராக்குக்கு வான்ரோந்து, லிபியாவுக்குப் பறக்கத்தடை அமலாக்கம் என்று பிரித்து அனுப்பிவிட்டேன். தனிமடலில் எழுதியவர்களில் பலர் ஏவல் பக்கம், அதுவே போகிறது. நன்றி.

செ. எழுதியது:
பாடிகாவலை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. வேர் பற்றிய மடல் இரண்டு பகுதிகளாக வரும்.