மேலத்தெரு குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

*வியாழன்*

மாரியப்பன் மாமா, காலை 6:04
இனிய காலை வணக்கம் 🙏 (படம்)

செல்வி அத்தை, 6:41
மேலத்தெரு வீட்டை டிரஸ்ட்டுக்கு எழுதப் போறாகளாமே. பத்திரம் எழுதுதவர் சம்சாரம் கோயில்ல வச்சுச் சொல்லுதா. அண்ணன் போய்ச் சேர்ந்து மூணு மாசம்தான் ஆகுது. பெத்த பிள்ளை கவிதா, முத்து ரெண்டு பேர் இருக்க, அவர் கட்டுன வீடு கோயிலுக்கா?

கணேசன், 6:50
கோயிலுக்கு இல்ல அத்தை

செல்வி அத்தை, 6:50
அப்ப ஆசிரமத்துக்கா

கவிதா, 6:53
முத்துவுக்கு அத்தை

செல்வி அத்தை, 6:54
அவனுக்கு எழுத டிரஸ்ட் எதுக்குளா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு யாருக்கும் தோணலை

மாரியப்பன் மாமா, 6:58
நாளைக்குக் கல்லிடைக்குறிச்சி போறேன். அப்பளம் யாருக்கு எத்தனை கட்டு?

சண்முகம் சித்தப்பா, 7:15
எல்லாரும் பொறுமையா வாசிக்கவும். டிரஸ்ட்னா ரெண்டு வகை. கோயில் கட்டளை, அன்னதானம், பள்ளிக்கூடம், இதெல்லாம் பொது டிரஸ்ட். நம்ம பேசுதது தனியார் டிரஸ்ட். அதுக்கு 1882-லயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டுட்டான், இன்னைக்கும் அதுதான். சொத்துக்காரர் எழுதி வைப்பார். டிரஸ்டி பேர்ல சொத்து நிக்கும். ஆனா அனுபவிக்கது பயனாளி மட்டும். பெட்டிச் சாவி ஒருத்தர்ட்ட, உள்ள இருக்கது இன்னொருத்தருக்கு. டிரஸ்டி அந்தச் சொத்தைத் தானே விலைக்கு வாங்கிக்கிட முடியாது. கணக்கு எழுதணும். பத்திரத்துல சொல்லாட்டா சம்பளம் கிடையாது. வீடு, நிலம்னா வாய்ப்பேச்சு செல்லாது, எழுதிப் பதிவு பண்ணணும், இல்ல உயில்ல எழுதணும். மேலும்

பாலா, 7:16
அப்பா பாரா பிரிச்சுப் போடுங்க

சண்முகம் சித்தப்பா, 7:16
கை பட்டு அனுப்பிட்டு. மேலும் வருது

மீனா, 7:18
எனக்கு 3 கட்டு மாமா. சின்ன சைஸ்

கவிதா, 7:25
திடீர்னு ஏன்னு கேக்கீங்கல்ல அத்தை. முத்துவுக்குத் தானாச் சொத்தைப் பாத்துக்கிடத் தெரியாதுல்லா. திங்கக்கிழமை சாயங்காலம் ஒரு ஆளு முத்துவைக் கூட்டிட்டுப் போய் புரோட்டா வாங்கிக் குடுத்திருக்கான். "தம்பி, உனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா"ன்னு கேட்டிருக்கான். இவன் சந்தோஷமா அந்தக் கடைப் பேப்பர்ல மூணு தடவை போட்டுக் காட்டிட்டு வந்திருக்கான். அம்மாட்ட வந்து "நல்ல மாமா"ங்கான்.

செல்வி அத்தை, 7:26
ஐயோ

கணேசன், 7:26
யாரு அது

கவிதா, 7:28
தெரியலை. பக்கத்து மனையை விக்கதுக்கு ஒரு புரோக்கர் அலைஞ்சான்லா, அவன் கூட வந்தவன்னு பால்காரர் சொல்லுதாரு.

பாலா, 7:29
வெறும் பேப்பர்தானே

கவிதா, 7:29
இந்தத் தடவை வெறும் பேப்பர்

செல்வி அத்தை, 7:40
சரி, டிரஸ்ட்டு கிரஸ்ட்டுன்னு செலவு எதுக்கு? கவிதா பேர்ல செட்டில்மெண்ட் எழுதிருங்க. கூடப் பிறந்தவனை அவ பாக்க மாட்டாளா

சண்முகம் சித்தப்பா, 7:52
செட்டில்மெண்ட் மலிவுதான். குடும்பத்துக்குள்ளன்னா முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதுவும் 40,000-க்கு மேல போகாது. பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையில ஏத்துனது. ஆனா எழுதின நிமிஷத்துல அது கவிதா சொத்து. முத்து அதுல விருந்தாளி. உதாரணத்துக்கு, நாளைக்கு மாப்பிள்ளை யாருக்கோ ஜாமீன் நின்னாருன்னு வை, கடன்காரன் வந்து நிப்பான்.

கவிதா, 7:53
அவரை எதுக்கு இழுக்கீங்க சித்தப்பா

சண்முகம் சித்தப்பா, 7:53
உதாரணத்துக்குச் சொன்னேன்மா

கணேசன், 7:55
2011-ல ஆச்சி கன்னடியன் கால்வாய் வயலை உங்க பேருக்குச் செட்டில்மெண்ட் எழுதும்போது இந்த உதாரணம் ஒண்ணும் வரலையே

சண்முகம் சித்தப்பா, 7:56
*இந்த மெசேஜ் நீக்கப்பட்டது*

செல்வி அத்தை, 7:57
வாசிச்சுட்டேன் 😄

மாரியப்பன் மாமா, 7:58
மீனா 3. வேற?

செல்வி அத்தை, 8:03
பேச்சு வந்ததால சொல்லுதேன். 1998 பாகப்பிரிவினையில எனக்கு வந்தது ஒரு பித்தளை அண்டா. அதுவும் உன் வீட்டு மாடியில வத்தல் காயப்போடக் கிடக்கு

சண்முகம் சித்தப்பா, 8:10
பூர்வீகச் சொத்துல பொம்பளைப் பிள்ளைக்குப் பங்குன்னு 1989-ல தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது, அதுக்கு முன்னமே கல்யாணம் ஆனவங்களுக்கு இல்லன்னுட்டான். 2005-ல மத்திய சட்டம் அதைச் சரி பண்ணிச்சு. ஆனா 2004 டிசம்பர் 20-க்கு முந்தி பதிவான பாகப்பிரிவினையைத் தொட முடியாது.

செல்வி அத்தை, 8:11
நான் அண்டாவைத் தொட முடியுமான்னு கேட்டேன்

மீனா, 8:20
கவிதா, அன்னைக்கு அனுப்பின வாரிசு சர்டிபிகேட் இப்பத்தான் முழுசாப் பார்த்தேன். நாலு பேர் இருக்கு. உங்க அம்மா, நீ, முத்து, ஆச்சி.

பாலா, 8:21
ஆச்சியா?

மீனா, 8:23
கவிதா அப்பா, பெரிய மாமா உயில் எழுதலைல்லா. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பெஞ்சாதி, பிள்ளைங்க, அம்மா எல்லாரும் முதல் வகுப்பு வாரிசு. ஆளுக்குக் கால் பங்கு. தனக்குள்ள பங்கை மட்டும்தான் டிரஸ்ட்டுல வைக்க முடியும். கவிதா அம்மா மட்டும் கையெழுத்துப் போட்டா முழு வீடும் வராது.

கணேசன், 8:25
ஆச்சிக்கு 88. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தக் கால் பங்கு?

மீனா, 8:26
ஆச்சி பிள்ளைங்களுக்கு. நாலு கிளை. பெரிய மாமா கிளைக்குக் கவிதாவும் முத்துவும்.

செல்வி அத்தை, 8:28
கால்ல கால், பதினாறுல ஒரு பங்கு, அதான் வீசம். ஆளுக்கு ஒரு வீசம் வருதுன்னு சொல்லு. சண்முகத்துக்கும் ஒரு வீசம். அதான் விடிஞ்சதுல இருந்து பாடம் நடக்கு

சண்முகம் சித்தப்பா, 8:29
எனக்கு ஒரு வீசமும் வேண்டாம். ஆச்சி இருக்கும்போதே தன் பங்கை விட்டுக்குடுத்து விடுதலைப் பத்திரம் போட்டுக் குடுக்கட்டும். நானே கூட்டிட்டுப் போறேன்

கணேசன், 8:30
ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு சித்தப்பா

கவிதா, 8:36
முத்து பங்குக்கு யாரு கையெழுத்துப் போட? அவனுக்கு 34 வயசு. நான் அக்காங்கதுக்காகப் போட முடியாதாம்.

சண்முகம் சித்தப்பா, 8:50
அதுக்குத் தனி வழி. 1999-ல நேஷனல் டிரஸ்ட் சட்டம்னு ஒண்ணு. பேர்ல டிரஸ்ட் இருக்கேன்னு குழப்பிக்கிட வேண்டாம், அது அரசாங்க அமைப்பு. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல குறைபாடு சேர்ந்தவங்க, இவங்களுக்கு 18 வயசுக்கு மேலயும் சட்டப்படி காப்பாளர் நியமிக்கலாம். மாவட்டத்துக்கு ஒரு குழு உண்டு, கலெக்டரும் அதுல இருப்பார். மதினி மனு குடுக்கலாம், கவிதாவும் குடுக்கலாம். நியமிச்ச 6 மாசத்துக்குள்ள முத்து சொத்து என்னென்னன்னு பட்டியல், அப்புறம் வருஷா வருஷம் கணக்கு. அவன் பங்கு காப்பாளர் பாதுகாப்புல, மத்தவங்க பங்கு டிரஸ்ட்டுல. முன் கடை வாடகை 6,500 நேரா டிரஸ்ட் கணக்குக்கு வரணும். பலன் முத்து ஒருத்தனுக்கேன்னு தெளிவா எழுதணும். யாருக்கு எவ்வளவுன்னு டிரஸ்டி இஷ்டத்துக்கு விட்டா வரி உச்ச விகிதத்துல போயிரும்.

பாலா, 8:52
ஒருக்க எழுதினா மாத்த முடியாதா

சண்முகம் சித்தப்பா, 8:55
திரும்ப எடுத்துக்கிடுத உரிமை உண்டுன்னு பத்திரத்துலயே எழுதியிருந்தா முடியும். இல்லன்னா பயனாளி சம்மதம் வேணும். முத்துட்ட என்ன சம்மதம் வாங்க

பெரியம்மா, 9:02
🎤 வாய்ஸ் மெசேஜ் (1:47)

பாலா, 9:03
மீட்டிங்ல இருக்கேன், யாராவது எழுதுங்க

கவிதா, 9:09
அம்மா சொல்லுதா: "சாயங்காலம் ஆறு அடிச்சா முத்துதான் கடை ஷட்டரை இறக்குவான். சாவியை அரைஞாண்ல முடிஞ்சுக்கிட்டு பூட்டை மூணு தரம் இழுத்துப் பாப்பான். அப்புறம் திண்ணையில இருந்து 'அப்பா பஸ் வந்துட்டா'ன்னு கேப்பான். மூணு மாசமா தினம் கேக்கான். எனக்கு வரியும் தெரியாது வீசமும் தெரியாது. அவனைத் திண்ணையில இருந்து யாரும் எழுப்பப்பிடாது. அதை எழுதுங்க."

செல்வி அத்தை, 9:11
மதினி அழாதீங்க. நான் மத்தியானம் வாரேன்

கணேசன், 9:15
அப்ப டிரஸ்டி யாரு? ஒருத்தர் போதாது

சண்முகம் சித்தப்பா, 9:16
நானும் கவிதாவும்

கணேசன், 9:16
உங்களுக்கு 67 சித்தப்பா

சண்முகம் சித்தப்பா, 9:17
உடம்பு நல்லாத்தான் இருக்கு. சரி, நீ வாரியா?

கணேசன், 9:24
சென்னையில இருந்துக்கிட்டு எப்படி... மீனாட்ட பேசிட்டுச் சொல்லுதேன்

மீனா, 9:25
என்ட்ட எதுக்குப் பேசணும், நான் இங்கதான் இருக்கேன்

சண்முகம் சித்தப்பா, 9:31
டிரஸ்டி யாரா இருந்தாலும், அவருக்கு அடுத்து யாருன்னும் எழுதணும். முத்து காலத்துக்கு அப்புறம் வீடு யாருக்குன்னும் எழுதணும்.

கவிதா, 9:33
அது இப்பவே எழுதணுமா

சண்முகம் சித்தப்பா, 9:34
எழுதணும்மா

மாரியப்பன் மாமா, 9:50
மீனா 3, பாலாவுக்கு ஆள் வந்தா குடுத்து விட 5, செல்விக்கு 2. கவிதா?

பாலா, 9:51
ஞாயிறு 10 மணிக்கு வீடியோ கால் வச்சுக்கலாம்

செல்வி அத்தை, 9:52
ஞாயிறு மூணாவது வீட்டுல சடங்கு

கணேசன், 9:53
அதுக்கு முந்தி பாளையங்கோட்டையில வக்கீலைப் பார்க்கணும். யாரு போறா?

சண்முகம் சித்தப்பா, 9:53
நான் வேணா போறேன்

செல்வி அத்தை, 9:54
போற வழியில அண்டாவை எங்க வீட்டுல இறக்கிரு

கவிதா, 10:20
ரெண்டாவது டிரஸ்டி பேரு முடிவாகலையே

மாரியப்பன் மாமா, 10:22
கவிதாவுக்கு 4 போட்டுருக்கேன். முத்துவுக்குப் பிடிக்கும்லா