இன்டர்ன்ஷிப் நேர்காணலுக்குப் பின் நன்றி மடல்: மரியாதையா, வெறும் சடங்கா?

தேன்சிட்டு:
இன்டர்ன்ஷிப்புக்கான காணொளி நேர்காணல் நேற்று முடிந்தது. இருவர் கேள்வி கேட்டனர். 24 மணி நேரத்துக்குள் நன்றி தெரிவித்து மின்னஞ்சல் அனுப்பாவிட்டால் ஆர்வமில்லாதவள் என்று எண்ணிவிடுவார்கள் என்கிறாள் தோழி. அனுப்பினால் காக்காய் பிடிப்பதாகத் தோன்றும் என்கிறார் அண்ணன். உங்கள் கருத்து என்ன?

பழையமேசை:
தோழி சொல்வதே சரி. தம் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு நம்மோடு பேசியவருக்கு நான்கு வரி எழுதுவதில் யாருடைய மானமும் போய்விடாது. பயிற்சிக்கு வருபவரிடம் காட்டுவதற்குப் பெரிய அனுபவம் இருப்பதில்லை. பேசியதைக் காதில் வாங்கினாரா, பிறகு அதை அசைபோட்டாரா என்பதையே என்னைப் போன்ற நேர்காணலர்கள் பார்க்கிறோம்.

நிழல்குடை:
மறுக்கிறேன். நேர்காணலை ஒழுங்காக நடத்தும் இடங்களில் எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண் இட்டு, சக நேர்காணலர்களுடன் கலந்து பேசுவதற்கு முன்பே படிவத்தை நிரப்பிவிடுவார்கள். ஒருவர் கருத்து மற்றவரைச் சாய்த்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. மறுநாள் வரும் மடலுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. அப்படியும் அது முடிவை மாற்றுகிறதென்றால், இந்த வழக்கத்தைச் சொல்லித்தர வீட்டில் ஆள் இருந்தவருக்கே அந்தச் சலுகை போய்ச் சேருகிறது. குடும்பத்தில் முதன்முதலாக அலுவலக வேலைக்கு முயல்பவருக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்?

பழையமேசை:
அனுப்பாதவரைக் கழித்துக்கட்டுவது அநியாயம் என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையில்லை. ஆனால் இந்தப் பெண் கேட்பது, தான் அனுப்பலாமா என்பதை. ‘தரவைச் சுத்தம் செய்வது பற்றிய கேள்விக்குப் பாதிதான் பதில் சொன்னேன், விடுபட்ட மதிப்புகளை நீக்குமுன் அவை ஏன் விடுபட்டன என்று பார்த்திருக்க வேண்டும்’ என்று ஒருவர் எழுதினால், அதை நான் எப்படிப் படிக்காமல் இருப்பேன்?

நிழல்குடை:
அது நன்றி மடலே அல்ல. மணி அடித்த பிறகு கூடுதல் விடைத்தாள் வாங்கி எழுதுவது. அந்த வாய்ப்பு மற்றவர்களுக்கும் தரப்பட்டதா? மேலும், எனக்கு வந்து சேரும் மடல்களில் இந்த ரகம் அரிது. ‘தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கியமைக்கு’ என்று தொடங்கும் அதே வாசகம், நேர்காணலர் அனைவருக்கும் எழுத்து மாறாமல், சில வேளைகளில் வேறொரு நிறுவனத்தின் பெயரோடு! அதற்கு மௌனமே மேல்.

அஞ்சல்பெட்டி:
நேர்காணல்களை ஒருங்கிணைக்கும் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு குறுக்கீடு. நேர்காணலரின் முகவரி தரப்படவில்லையென்றால், அவரை லிங்க்ட்இன்னில் தேடிப்பிடிக்க வேண்டாம். அழைப்பு வந்த மின்னஞ்சலுக்கே பதிலாக எழுதி, அவரிடம் தெரிவிக்கச் சொல்லுங்கள். முடிவு எப்போது வரும் என்ற கேள்வியை அதில் நுழைக்காதீர்கள்; சொன்ன தேதி கடந்தபின் தனியாகக் கேட்கலாம். நேர்காணலரைத் தொடர்பு கொள்ளக் கூடாது என்று அழைப்பிலேயே எழுதியிருந்தால் இந்த விவாதத்துக்கே இடமில்லை.

தேன்சிட்டு:
அப்படி எதுவும் எழுதவில்லை. இருவர் முகவரியும் அழைப்பில் இருக்கிறது. ஆனால் ஒருவர்தான் என் செயல்திட்டத்தைப் பற்றி விரிவாகக் கேட்டார். மற்றவர் அதிகம் பேசவில்லை.

பழையமேசை:
இருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். பேசாதவருக்கு இரண்டு வரி போதும்.

நிழல்குடை:
எதற்கு? இருவரையும் சேர்த்து ஒரே மடலாக அனுப்புங்கள். செயல்திட்டம் பற்றிய கேள்வியை அதில் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். அனுப்புவதை நான் தடுக்கவில்லை. அனுப்பாதவரின் பெயருக்கு எதிரே குறி போடுவதைத்தான் எதிர்க்கிறேன்.