உதவி தேவை: “கானா” என்று தேடினால் பாட்டைத் தவிர எல்லாம் வருகிறது

படிப்பகத்துப் பையன், வியாசர்பாடி:

வணக்கம். எங்கள் தெருப் படிப்பகத்தில் பழைய கானா கேசட்டுகள் நிறையக் கிடந்தன. சாவு வீட்டில், படத்திறப்பில், தெருமுனைக் கச்சேரியில் ஆட்களே பதிவு செய்தவை. கடையில் விற்ற கேசட் இல்லை என்பதால் வேறு எங்கும் பிரதி கிடைக்காது. அவற்றைக் கணினியில் ஏற்றிப் படிப்பகத்தின் பொது டிரைவில் போட்டிருக்கிறோம். கேசட்டுக்கு ஒரு எண், பக்கத்துக்கு ஒரு எழுத்து, அதுதான் கோப்பின் பெயர். எந்தக் கேசட்டில் என்ன பாட்டு என்பதற்குத் தனியாக ஒரு பட்டியல் இருக்கிறது.

அதே டிரைவில் ஏரியாக்காரர்கள் கொடுத்த கல்யாண வீடியோ, பிரசங்கம், போட்டித் தேர்வு நோட்ஸ் எல்லாம் கலந்து கிடக்கிறது. “கானா” என்று தேடினால் முதலில் ஆப்பிரிக்க நாட்டைப் பற்றிய பொது அறிவுக் குறிப்பு வருகிறது. அப்புறம் ஒரு கல்யாணப் பிரசங்கம், ஜப்பானிய மொழிப் பாடம், ஜிம்கானா கிளப் பற்றிய செய்தி நறுக்கு. நானே கேட்டு ஏற்றிய பாட்டுகள் மட்டும் வருவதில்லை.

வீடியோ தளத்தில் சில பாட்டுகளைப் போட்டோம். அங்கே தானியங்கி மொழிபெயர்ப்பு வியாசர்பாடியைக் கொண்டுபோய் ஆப்பிரிக்காவில் வைத்துவிட்டது. கீழே ஒருவர், “இது அக்ராவில் எந்தப் பக்கம்?” என்று அந்த நாட்டுத் தலைநகரைச் சொல்லி உண்மையாகவே கேட்கிறார். இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை டீச்சர்:

தம்பி, கணினியைத் திட்டாதீர்கள். நம் எழுத்தில் ககரம் ஒன்றுதான். நம் பாட்டு, அந்த நாடு, இந்திக்காரர் சாப்பாடு, பைபிளில் வரும் ஊர், ஜப்பான்காரர் எழுத்து என எல்லாவற்றுக்கும் முதல் ஒலி ஒன்றல்ல. ஆனால் தமிழில் எழுதும்போது எல்லாம் ஒரே கானாதான். போதாததற்கு “க” என்ற எழுத்துக்கே திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கானா என்றுதான் பெயர். ஆனா, ஆவன்னா போல கானா, காவன்னா.

சுலோகப் புத்தகங்களில் க-வின் தோளில் 2, 3, 4 என்று சின்ன எண் போட்டு ஒலியைப் பிரிப்பார்கள். அதை இங்கே கொண்டுவர வேண்டாம். யாரும் அப்படி அடித்துத் தேடப் போவதில்லை.

ராயபுரம் கடலோரம்:

அந்தப் பிரசங்கம் எதைப் பற்றியது என்று கேட்காமலே சொல்லிவிடுவேன். யோவான் சுவிசேஷம் 2ஆம் அதிகாரம், கலிலேயாவிலுள்ள கானா ஊர்க் கலியாணம். ஆறு கற்சாடித் தண்ணீரை இயேசு திராட்சரசமாக மாற்றிய இடம். எங்கள் பக்கம் கல்யாணப் பிரசங்கத்தில் அது வராமல் போனால்தான் ஆச்சரியம். அந்த ஊர் எது என்பதிலேயே இன்னும் தகராறு இருக்கிறது. நாசரேத்துக்குப் பக்கத்தில் உள்ள கஃப்ர் கன்னா என்று ஒரு சாரார், தெற்கு லெபனானில் உள்ள கானா என்று இன்னொரு சாரார்.

பிரசங்கக் கோப்புகளுக்கெல்லாம் “கானாவூர்” என்று பெயர் மாற்றினால் கண்ணால் பார்த்ததும் தெரிந்துவிடும். கல்யாண வீட்டில் ராத்திரி பாடிய நம் கானாவும் அதே வீடியோவில் இருந்தால் அதை வெட்டித் தனிக் கோப்பாக வையுங்கள். எங்கள் உறவு வீடுகளில் இரண்டும் ஒரே நாளில் நடக்கும்.

மிண்ட் தெரு:

எங்கள் வீட்டில் கானா என்றால் இரண்டு. பாடுவதும் கானா, சாப்பிடுவதும் கானா. இந்தியில் எழுத்து வேறு, ஒலி வேறு. தமிழில் எழுதிக் காட்டினால் என் மச்சான்கள் பாட்டு கேட்பார்களா, பசி என்பார்களா என்று எனக்கே தெரியாது. ஜிம்கானாவில் இருப்பது மூன்றாவது. பாரசீகத்தில் “கானா” என்றால் வீடு, இடம். தவாகானா மருந்து கொடுக்கும் இடம், கார்கானா வேலை நடக்கும் இடம். மெட்ராஸ் ஜிம்கானா கிளப் 1884இல் வந்தது. அங்கே நம் பாட்டு ஒலித்திருக்குமா என்பது வேறு கதை.

உங்கள் பாட்டின் பெயரும் இந்தி கானாவும் உறவாக இருக்கலாம். பேஜார், நாஷ்டா எல்லாம் எங்கள் பக்கத்திலிருந்துதானே சென்னைப் பேச்சுக்கு வந்தது.

தண்டையார்பேட்டை டீச்சர்:

கானம் என்ற சொல்லும் தமிழில் ரொம்ப நாளாக இருக்கிறது, தம்பி. யார் யாரிடம் வாங்கினார்கள் என்று இங்கே தீர்ப்பு வேண்டாம்.

பெரம்பூர் லோகோ:

ஆப்பிரிக்காக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பிடிக்காதவர்கள் தாண்டிப் போங்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் அந்த நாட்டின் பெயர் கோல்ட் கோஸ்ட். 1957 மார்ச் 6 அன்று விடுதலை கிடைத்ததும் குவாமே நிக்ரூமா தலைமையில் கானா என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். பழைய கானாப் பேரரசின் பெயர் அது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பேரரசு இருந்தது இன்றைய கானாவில் இல்லை. வடமேற்கே வெகுதூரம் தள்ளி, இப்போதைய மொரிட்டானியா, மாலி பக்கம். அங்கத்து மக்கள் தங்கள் நாட்டை வகாடு என்றார்கள். கானா என்பது அரசனுக்கான பட்டம். பட்டத்தை வெளியார் நாட்டுப் பெயராக்கி, அதைக் கடைசியில் வேறொரு நாடு எடுத்துக்கொண்டது.

ஜப்பான் கானாவும் இரவல்தான். சீன எழுத்திலிருந்து பிறந்த ஹிரகானா, கதகானா இரண்டுக்கும் பொதுப் பெயர் அது. அந்தச் சொல்லுக்கே “இரவல் பெயர்” என்றுதான் பொருள் சொல்கிறார்கள். ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்து 46.

கொருக்குப்பேட்டை சிஸ்டம் சர்வீஸ்:

எல்லாரும் நல்லா பேசுகிறீர்கள், கேட்ட கேள்வி அப்படியே கிடக்கிறது. பிரதர், தேவையில்லாதது வருவது ஒரு பிரச்சினை, வேண்டியது வராதது இன்னொரு பிரச்சினை. இரண்டாவதுக்குக் காரணம் வேறு. அந்தப் பட்டியலை எங்கே அடித்தீர்கள்? என்ன எழுத்துரு?

படிப்பகத்துப் பையன்:

பட்டியல் பழசு, அண்ணா. டிடிபி கடையில் கொடுத்து அடித்தது. திறந்தால் தமிழாகத்தான் தெரிகிறது. எழுத்துரு பாமினி என்று காட்டுகிறது.

கொருக்குப்பேட்டை சிஸ்டம் சர்வீஸ்:

அதுதான். பாமினி யூனிகோடு (இப்போது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இல்லை. நம் கண்ணுக்குத்தான் அது தமிழ். “கானா” என்று தெரியும் இடத்தில் கோப்புக்குள் இருப்பது எஃப், ஹெச், டி, ஹெச் என்ற நான்கு ஆங்கில எழுத்து. நீங்கள் யூனிகோடில் தேடினால் அது எப்படிச் சிக்கும்? இணையத்தில் எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே இருக்கின்றன. பட்டியலை ஒட்டி, யூனிகோடுக்கு மாற்றி, ஒரு தடவை வரிவரியாகப் படித்துப் பாருங்கள். நடுவில் வேறு எழுத்துருவில் அடித்த வரி இருந்தால் அது மட்டும் குப்பையாக நிற்கும்.

அப்புறம் அதை எக்செல் ஷீட்டில் போடுங்கள். பாட்டின் முதல் அடி, பாடியவர், ஊர், எந்தச் சந்தர்ப்பம், ஏறக்குறைய எந்த வருடம், கூட என்ன வாசித்தார்கள் (டோலக்கா, சட்டியா) என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. முழுச்சொல் மட்டும் தேடு என்ற வசதியை நம்பாதீர்கள். ஜிம்கானா போகும், கூடவே கானாவும், கானாவுக்கு, கானாப்பாட்டு என்று ஒட்டு சேர்ந்து வருவதும் போய்விடும். அதனால் “கானாபாட்டு” என்று இடைவெளி இல்லாமல், ஒற்றும் போடாமல் ஒரே மாதிரி ஒரு குறிச்சொல்லை எல்லா வரிக்கும் கொடுங்கள். டீச்சர் மன்னிக்கவும், இலக்கணப்படி ப் வரவேண்டும் என்று தெரியும்.

வீடியோவுக்கு மொழி தமிழ் என்று அமைப்பில் குறித்துவிட்டு, தலைப்பின் ஆங்கில வடிவத்தை நீங்களே எழுதுங்கள். இயந்திரம் பக்கத்துச் சொல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். வெறும் “வியாசர்பாடி கானா” என்றால் ஊரும் நாடும் என்று எடுத்துக்கொள்ளும். “மரண கானா பாடல், டோலக், வடசென்னை” என்றால் குழம்ப வாய்ப்பு குறைவு.

தண்டையார்பேட்டை டீச்சர்:

இந்த ஒரு ப்-பை விட்டுவிடுகிறேன்.

ராயபுரம் கடலோரம்:

பாடியவர் பத்தியில் ஆணா பெண்ணா என்றும் குறியுங்கள். எங்கள் ராயபுரத்து இசைவாணி கானா பாடி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தார். அதற்கு முன்னால் தெருவில் பாடிய பெண்கள் யாராவது உங்கள் கேசட்டில் இருந்தால் அது பெரிய விஷயம், பேர் தெரியாவிட்டாலும்.

படிப்பகத்துப் பையன்:

அண்ணா, மாற்றிவிட்டேன். காணோம் என்று நினைத்த பாட்டு முக்கால்வாசி வந்துவிட்டது. தலைப்பையும் திருத்தினோம், மொழிபெயர்ப்பு இப்போது ஆப்பிரிக்கா பக்கம் போவதில்லை. பிரசங்கங்கள் கானாவூர் ஆகிவிட்டன. ஒரு கேசட்டில் “பேர் தெரியாத அக்கா, 16ஆம் நாள்” என்று கையால் எழுதியிருக்கிறது. குரல் பெண் குரல்தான். பாட்டு நடுவில் எம்.கே.பி. நகர் என்று ஒரு சத்தம் கேட்கிறது. அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஒரு நிமிடத் துண்டு அனுப்புகிறேன்.

பெரம்பூர் லோகோ:

எனக்கு அனுப்பு தம்பி. எங்க அத்தை அங்கேதான் இருக்காங்க.