வார்ட்டெக்ஸுக்கு என்ன சொல்லலாம்: சுழலா, சுழியா, சுழிப்பா?

எல்லாருக்கும் வணக்கம். கடைசி வருஷ இயற்பியல் பசங்களுக்கான ஒரு பாடத்தை வெள்ளிக்கிழமைக்குள்ள தமிழாக்கி அனுப்பணும். சின்னஞ்சிறு மீக்கடத்தி (ரொம்பக் குளிர வச்சா மின்தடையே இல்லாமப் போற பொருள்), குறைக்கடத்தி அமைப்புகளுக்குள்ள காந்தப்புலம் போனா என்ன ஆகும்ங்கிறதுதான் பாடம். மத்ததெல்லாம் முடிஞ்சுது, வார்ட்டெக்ஸ்ங்கிற ஒத்தைச் சொல்லுல ரெண்டு நாளா நிக்கிறேன். நியோபியம் மாதிரி இரண்டாம் வகை மீக்கடத்தியில காந்தப்புலம் இழை இழையா நுழையுது, ஒவ்வொரு இழையோட நடுவுலயும் மீக்கடத்தல் அழிஞ்சு வெறும் உலோகமா கிடக்கு, அதைச் சுத்தி மின்னோட்டம் சுழலுது. இயற்பியலாளர் அப்ரிகோசவ் 1957ல கணக்குப் போட்டுச் சொன்னது இது, 2003ல அதுக்கு நோபல் கிடைச்சுது. இப்போதைக்கு "சுழல்"னு போட்டு வச்சிருக்கேன். மனசு ஒப்பல.

*

தம்பி, சுழல் வேண்டாம். சுழல் நாற்காலி, சுழல் விளக்குன்னு அது வினைத்தொகையாவே பழகிப்போச்சு, தனியா நிறுத்தினா வினையடியா பெயரான்னு படிக்கிறவன் தடுமாறுவான். சுழின்னு போடுங்க. ஆத்துல சுழியைப் பாத்திருப்பீங்க, சுத்திலும் தண்ணி வேகமா ஓடும், நடுவுல குழி விழுந்திருக்கும், அந்தக் குழியோட அப்படியே நகந்தும் போகும். நீங்க சொல்ற சாமானும் அதேதானே. இன்னொண்ணு, சுழிக்குப் பூஜ்யம்னும் பொருள் உண்டு. நடுவுல மீக்கடத்தல் இல்லாமப் போகுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. சுத்துறதும் ஒண்ணுமில்லாமப் போறதும் ஒரே சொல்லுக்குள்ள இருக்கு, வேற எந்த மொழியில இப்படி அமையும்? சுழி, சுழல், சூழ், சுற்று, சுருள் எல்லாத்தையும் ஒரே வேர்க் கூட்டம்னுதான் நான் கொள்றேன். உந்திச்சுழியும் இதுதான், முகஞ்சுழிக்கிறதும் இதுதான், நெத்தியில சுருக்கம் வளைஞ்சு விழுறதைப் பாருங்க...

*

ஐயா, சொல் அழகு, மறுக்கல. ஆனா நான் இதை வகுப்புல சொல்லிப் பாத்துட்டேன். மீக்கடத்திப் பாடத்துல முதல் வரியே "மின்தடை சுழியாகிறது". 1911ல பாதரசத்தை 4.2 கெல்வினுக்குக் குளிர வச்சப்போ கண்டதுன்னு தொடங்கி ரெண்டு பக்கத்துக்கு சுழி சுழின்னு பூஜ்யமாத்தான் வரும். அப்புறம் நான் பலகையில "சுழிகள் நகர்ந்தால் மின்தடை சுழியாக இருக்காது"ன்னு எழுதினேன். முன்வரிசைப் பொண்ணு ஒண்ணு எழுந்து "மிஸ், இதுல எந்தச் சுழி எது"ன்னு கேட்டா. அந்த வாக்கியம்தான் பாடத்தோட உயிர், வார்ட்டெக்ஸ் நகந்தா ஆற்றல் இழப்பு வரும், அதனாலதான் அதை எங்கயாவது கட்டிப்போடப் பாக்குறோம், அதுலயே குழப்பம்னா அப்புறம் என்ன நடத்துறது? சுழலும் வேண்டாம், குறைக்கடத்திப் பகுதியில எலக்ட்ரானோட தற்சுழற்சி வருது, அதோட மோதும். வார்ட்டெக்ஸ்னே விட்டுடலாம். எலக்ட்ரானையும் டிரான்சிஸ்டரையும் அப்படியேதானே வச்சிருக்கம்.

*

அக்கா சொல்றது உங்கட பாடநூலில இருக்கிற பிரச்சினை. நாங்கள் இலங்கையில படிக்கேக்க அது பூச்சியம்தான், சுழி எண்டால் தண்ணிச் சுழி மட்டும்தான். நான் சுழிப்பு எண்டு போடச் சொல்லுவன், ஒரு எழுத்தும் மோதாது. இன்னொண்டு, குவாண்டத்துக்கு எங்களுக்குச் சக்திச்சொட்டு எண்ட சொல் இருக்கு. காந்தப்பாயத்தின்ர குவாண்டத்துக்கு, அதாவது ஒரு பரப்புக்குள்ளால போற காந்தப்புலத்தின்ர ஆகச்சின்ன அளவுக்கு, பாயச்சொட்டு எண்டு வைக்கலாமே. பாயம் + சொட்டு, மகரம் கெட்டுச் சகரம் மிகும், புணர்ச்சியும் சரி. ஒரு இழையில ஒரு சொட்டுத்தானே, வார்ட்டெக்ஸுக்கும் இதுவே போதும் எண்டு நினைக்கிறன்.

*

பாயச்சொட்டு எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு அண்ணா, பாடத்துல போட்டுட்டேன். ஒரு சொட்டு 2.07 × 10⁻¹⁵ வெபர், ஒரு மைக்ரோமீட்டர் சதுர ஓட்டைக்குள்ள ஒரு சொட்டு அடங்க 2 மில்லிடெஸ்லா போதும், பூமியோட காந்தப்புலம்னா ஏறக்குறைய 40 சதுர மைக்ரோமீட்டர் பரப்பு வேணும். சொட்டுன்னதும் இந்தக் கணக்கு தானா மனசுல நிக்குது.

ஆனா வார்ட்டெக்ஸுக்கும் அதையே வைக்க முடியாது. மீக்கடத்தி வட்டு ரொம்பச் சின்னதா இருந்தா இழைகள் ஒண்ணா சேந்து ஒரே பெரிய வார்ட்டெக்ஸ் ஆகிடும், ஒரே சுழிக்குள்ள ரெண்டு மூணு சொட்டு. பாடமே சின்ன வட்டுகளைப் பத்தினது, அங்க ரெண்டு சொல்லும் தனித்தனியா வேணும். குறைக்கடத்தி வளையத்துல சொட்டோட அளவே ரெண்டு மடங்கு, எலக்ட்ரான் அங்க ஒத்தையா ஓடுது, மீக்கடத்தியில கூப்பர் இணையா சோடி போட்டு ஓடுது. லண்டன்ங்கிற இயற்பியலாளர் மீக்கடத்திக்கும் முதல்ல இந்தப் பெரிய அளவைத்தான் எதிர்பார்த்தார், 1961ல ரெண்டு குழுக்கள் தனித்தனியா அளந்தப்போ பாதியா வந்துது. அதனால இணைச்சொட்டு, தனிச்சொட்டுன்னு பிரிச்சு எழுதலாம்னு இருக்கேன்.

*

பூச்சியம் எப்படி வந்துதுன்னு பாத்தீங்களா? பூஜ்யம்ங்கிற வடசொல், வணங்கத்தக்கதுன்னு பொருள். ஒண்ணுமில்லாததுக்கு அந்தப் பேரு. அதைக் காப்பாத்துறதுக்காகச் சுழியை விடணுமா? பூஜ்யத்துக்குச் சுழியம்னு எழுதுங்க, சுழியைச் சுழிக்கே விட்டுடுங்க. கூட்டுச்சொல்லையும் சொல்லிப் பாருங்க: பெருஞ்சுழி, எதிர்த்திசையில சுத்துறதுக்கு எதிர்ச்சுழி, நடுப்பகுதிக்குச் சுழிக்கரு. வாயில தடங்கலே இல்ல. பெருஞ்சுழிப்பு, சுழிப்புக்கருன்னு சொல்லிப் பாருங்க, நாக்கு இழுக்குது.

*

ஐயா, சுழியம்னு நாம எழுதலாம், பசங்க கையில இருக்கிற புத்தகம் மாறாதே. வேணும்னா பாயச்சுழின்னு முழுசா போடட்டும், அப்போ பூஜ்யத்தோட மோதாது. அதுக்கு நான் சம்மதம். அரைமனசோடதான்.

*

நேரம் இல்ல, அதனால இப்படி முடிச்சிருக்கேன்: முதல்ல வர்ற எடத்துல பாயச்சுழி, அப்புறம் சுழி, எதிர்ச்சுழி, பெருஞ்சுழி. பூஜ்யம் வர்ற எடமெல்லாம் சுழியம். அக்காவோட அந்த வாக்கியத்தையும் "பாயச்சுழிகள் நகர்ந்தால் மின்தடை சுழியமாக இருக்காது"ன்னு திருத்திப் போட்டேன், மூணு தடவை சத்தமா படிச்சுப் பாத்தேன், பொருள் மாறல. பின்னிங்குக்கு ஐயா தனிமடல்ல கட்டுத்தறின்னு அனுப்பியிருக்கார், நியோபியத்துல இருக்கிற குறைகள் சுழியைக் கட்டிப்போடுற தறி. நல்லாத்தான் இருக்கு. யாருக்காவது மறுப்பு இருந்தா நாளைக்குள்ள சொல்லுங்க.

*

தறி சரி. சுழிப்பு எண்டதை நான் விடேல்ல. எங்கட பிள்ளையள் இந்தப் பாடத்தை எடுத்து வாசிக்கேக்க சுழியம் எண்டால் என்னெண்டு கேப்பினம், அதுக்கு ஒரு அடிக்குறிப்பாவது போடுங்கோ தம்பி.