சொல் வேண்டும்: ஓயாமல் சிறுபடம் வரைந்து திணறும் கோப்பு மேலாளர்

வணக்கம்.

கோப்பு மேலாளரின் தமிழாக்கத்தில் மூன்று சரங்கள் (திரையில் தெரியும் சொற்றொடர்கள்) இன்னும் முடியாமல் நிற்கின்றன. மூன்றுக்கும் "புதுப்பித்தல்" என்றே போட்டு இதுவரை ஒப்பேற்றியிருக்கிறோம். அந்தச் சொல் நோயையும் மருந்தையும் ஒன்றாக்கிவிடுகிறது. சொல் கேட்பதற்கு முன், உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

திரைப்பதிவு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் காணொளிக் கோப்பு நொடிக்கு நொடி வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோப்புறை திரையில் திறந்திருக்கிறது. லினக்ஸ் இயக்குதளத்தின் கருவான கெர்னலில் 2005-இல் வந்த 2.6.13 பதிப்பு முதல் ஐநோட்டிஃபை என்ற வசதி உண்டு. கோப்பில் எந்த நிரல் எழுதினாலும், அதைக் கவனித்துக்கொண்டிருப்பவருக்குக் கெர்னல் தகவல் அனுப்பும். கோப்பு மேலாளர் அந்தத் தகவலைக் கேட்டு, தன்னிடம் உள்ள சிறுபடம், அதாவது கோப்புக்குப் பட்டியலில் காட்டும் குட்டி முன்னோட்டப் படம், இன்னும் செல்லுமா என்று பார்க்கிறது.

செல்லுமா செல்லாதா என்பதற்கு, லினக்ஸ் திரைச்சூழல்களுக்குப் பொதுவான ஃப்ரீடெஸ்க்டாப் தரநிலை ஒரு விதி வைத்திருக்கிறது. கோப்பின் முகவரியை எம்டி5 என்ற கணக்கீட்டு முறையில் ஒரு குறியாகச் சுருக்கி, அதையே சிறுபடத்துக்குப் பெயராக வைப்பார்கள். சிறுபடம் பிஎன்ஜி என்ற பட வடிவில் இருக்கும்; அந்தப் படத்துக்குள்ளேயே மூலக்கோப்பு கடைசியாக மாறிய நேரமும் எழுதப்பட்டிருக்கும். அந்த நேரமும் கோப்பின் இப்போதைய நேரமும் ஒன்றாக இல்லையென்றால் சிறுபடம் செல்லாது. எது பிந்தியது என்ற கேள்வியே இல்லை, வேறாக இருந்தாலே போதும். பழைய படி ஒன்றைக் காப்பகத்திலிருந்து மீட்டுப் போட்டால் அதன் நேரம் பின்னோக்கிப் போகும் அல்லவா? அப்போதும் சரியான படம் வரவேண்டும் என்பதற்காகத்தான் இப்படி. நல்ல விதிதான். ஆனால் வளர்ந்துகொண்டே இருக்கும் கோப்புக்கு அது ஒவ்வொரு முறையும் "செல்லாது" என்றே தீர்ப்பளிக்கும்.

செல்லாது என்றானதும் கோப்பைத் திறந்து, ஒரு சட்டகத்தை (காணொளியின் ஒரு தனிப் படத்தை) எடுத்து, 128, 256 போன்ற படப்புள்ளி அளவுக்குச் சுருக்கி, பிஎன்ஜி ஆக்கி, தற்காலிகப் பெயரில் எழுதிப் பெயர் மாற்ற வேண்டும். இதை முடிப்பதற்குள் கோப்பு மறுபடி மாறியிருக்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். விசிறி இரைகிறது, பட்டியலை உருட்டினால் நகர மறுக்கிறது, பயனர் வட்டைச் சந்தேகப்படுகிறார்.

எம்பி4 கோப்பானால் இன்னும் மோசம். அதன் உள்ளடக்க அட்டவணை பெரும்பாலும் பதிவு முடியும்போதுதான் கடைசியில் எழுதப்படும். அதுவரை எந்தச் சட்டகம் எங்கே இருக்கிறது என்று வெளியாருக்குத் தெரியாது. ஆகவே சிறுபடம் வரையும் முயற்சி தோற்கும். தோற்றதை மறுபடி முயலாமலிருக்கத் தரநிலையில் ஒரு தனி அடைவு உண்டு. அங்கே தோல்விக் குறிப்பு எழுதிவைப்பார்கள். ஆனால் அந்தக் குறிப்பிலும் மாறிய நேரம்தான் சான்று. கோப்பு வளர்ந்ததும் தோல்விக் குறிப்பும் செல்லாததாகிவிடும். கிடைக்காத படத்துக்காக முயற்சி நடந்துகொண்டே இருக்கும்.

இத்தனைக்கும் நாம் காட்டுவது "சிறுபடங்கள் புதுப்பிக்கப்படுகின்றன" என்ற செய்தி. படிப்பவர் மகிழ்ச்சியாகக் காத்திருப்பார்!

எனக்கு மூன்று சொற்கள் வேண்டும். ஒருமுறை மறுபடி வரைவதற்கு ஒன்று. ஓயாமல் வரைந்து திணறுவதற்கு ஒன்று. கோப்பு அடங்கும்வரை வரையாமல் இருப்பதற்கு ஒன்று. முறையே மீளாக்கம், சிறுபடச் சுழற்சி, காத்திருப்பு நேரம் என்று தொடங்கிவைக்கிறேன். தயங்காமல் வெட்டுங்கள்.

—

மறு: சொல் வேண்டும்

> சிறுபடச் சுழற்சி

இது வேண்டாம். அதே வலச்சொடுக்குப் பட்டியில் "இடப்பக்கம் சுழற்று" என்று இருக்கிறது. படத்தையும் சுழற்சியையும் சேர்த்துச் சொன்னால் யாருக்கும் படத்தைத் திருப்புவதுதான் நினைவுக்கு வரும்.

நிரலாளராக இன்னொரு தடையும் சொல்கிறேன். இது சுழலே இல்லை. சுழல் என்றால் தன் வாலைத் தானே பிடிக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து வேறொரு நிரல் தள்ளுகிறது. அது எழுதுவதை நிறுத்தினால் இதுவும் நிற்கும். உண்மையான சுழல் ஒன்று உண்டு: சிறுபடங்கள் சேமிக்கப்படும் அடைவையே கோப்பு மேலாளரில் திறப்பது. அங்கிருக்கும் பிஎன்ஜி படங்களுக்குச் சிறுபடம் வரைந்தால் அவையும் அங்கேயே போய்ச் சேரும், அவற்றுக்கும் வரைய வேண்டும். இது எங்கே போய் முடியும் என்று தெரிந்துதான் க்னோம் என்ற திரைச்சூழலின் நிரல்தொகுப்பில் "சிறுபடத்துக்குச் சிறுபடம் வரையாதே" என்று முன்பே ஒரு தடை வைத்திருக்கிறார்கள். சுழல் என்ற சொல்லை இந்த மாதிரி இடத்துக்கு விட்டுவைப்போம்.

நம் சிக்கலுக்கு நெருங்கிய உறவு இயக்குதளப் பாடத்தில் வரும் த்ராஷிங். நினைவகம் போதாமல் அதன் துண்டுகளான பக்கங்களை வட்டுக்கும் நினைவகத்துக்குமாக மாற்றி மாற்றி எடுத்துப் போட்டே கணினியின் நேரமெல்லாம் போகும். உருப்படியான வேலை நடக்காது. பீட்டர் டென்னிங் 1968-இல் இதன் காரணங்களை அலசி எழுதினார். உழைப்பு உண்டு, பலன் இல்லை என்பதுதான் இரண்டுக்கும் பொது. அதைத் தமிழில் நாம் தினமும் சொல்கிறோம்: அலைச்சல். "ஒரே அலைச்சல்" என்று ஒருவர் சொன்னால் காரியம் ஆயிற்றா என்று கேட்கவே தேவையில்லை. சிறுபட அலைச்சல், பக்க அலைச்சல் என்று இரண்டையும் ஒரே குடும்பமாக்கிவிடலாம்.

> காத்திருப்பு நேரம்

இதுவும் இடிக்கிறது. பிணையச் சரங்களில் "காத்திருப்பு நேரம் முடிந்தது" என்றால் வேலை கெட்டது என்று பொருள். இங்கே நேரம் முடிந்தால்தான் வேலை தொடங்கும். ஒரே சொல்லுக்கு நேரெதிர் விளைவு இருந்தால் பயனர் எதை நம்புவார்?

அதோடு, இங்கே இரண்டு உத்திகள் கலந்திருக்கின்றன. ஒன்று டிபவுன்ஸ். மின்பொத்தானை அழுத்தும்போது உள்ளிருக்கும் உலோகத் தகடுகள் சிலமுறை துள்ளித் தொட்டுத்தொட்டு விலகும். துள்ளல் அடங்கும்வரை பொறுத்து, அதன்பின் ஒரே அழுத்தாகக் கணக்கிடுவார்கள். மென்பொருளில், கடைசி மாற்றத்திலிருந்து இத்தனை நொடி அமைதியாக இருந்தால்தான் செயல்படு என்பது அதன் பொருள். நடுவில் இன்னொரு மாற்றம் வந்தால் கணக்கு முதலிலிருந்து. க்னோமின் கோப்பு மேலாளரான நாட்டிலஸில் இதற்கு 3 நொடி வைத்திருக்கிறார்கள். மற்றது த்ராட்டில்: மாற்றம் எத்தனை வந்தாலும் இத்தனை நேரத்துக்கு ஒருமுறைதான் அசைவேன் என்பது. ஜிஐஓ என்ற நிரல் நூலகம் கோப்பு மாற்றத் தகவல்களை இயல்பாகவே 800 மில்லிநொடிக்கு ஒன்றாக மட்டுப்படுத்தித் தருவது இந்த வகை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் அமைப்புச் சாளரத்தில் மாட்டிக்கொள்வோம்.

—

மறு: மறு: சொல் வேண்டும்

அன்பர்களுக்கு,

மீளாக்கம் பற்றி ஒரு சொல். மீள் + ஆக்கம் என்று பிரித்தால் சரிதான். மீளா + ஆக்கம் என்று யாராவது பிரித்துவிடுவார்களோ என்றால், இலக்கணப்படி அது மீளாவாக்கம் என்றுதான் புணரும்; ஆகவே பொருள் மயக்கம் கிடையாது. இருந்தாலும் திரையில் ஓடும் கண் புணர்ச்சி விதி பார்ப்பதில்லை. "மீளா" என்று தொடங்கும் சொல்லைக் கண்டதும் "மீளாத் துயரம்" நினைவுக்கு வரும். மறுவாக்கம் பாதுகாப்பானது. மறு என்பது முற்றியலுகரம், ஆக்கத்தோடு சேர்ந்தால் வகர உடம்படுமெய் பெறும். சரமாக வரும்போது வினையாகவே எழுதுங்கள்: "சிறுபடத்தை மறுபடி வரை". பெயர்ச்சொல் ஆவணத்துக்கு மட்டும் போதும்.

அலைச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு நண்பர் தனிமடலில் அலைக்கழிப்பு இன்னும் பொருந்தும் என்றார். நான் ஒப்பவில்லை. அலைக்கழிப்பில் ஒருவர் மற்றவரை வேண்டுமென்றே இழுத்தடிக்கும் குறிப்பு இருக்கிறது. திரைப்பதிவு நிரல் பாவம், தன் வேலையைத்தான் செய்கிறது. சிறுபடம் அலைகிறதா, கோப்பு மேலாளர் அலைகிறதா என்றும் கேட்டார். சிறுபடத்துக்கான அலைச்சல் என்று நான்காம் வேற்றுமையாக விரித்தால் கேள்வி தீர்ந்தது.

மூன்றாவதுக்கு வருகிறேன். டிபவுன்ஸைத் துள்ளல் நீக்கம் என்று மின்னணுவியலில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே பொருந்தும். கோப்பு துள்ளுவதில்லை. "ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவில்லை" என்று சொல்வோமே, கோப்பு மேலாளரின் குறை அப்படியே அதுதான். எழுதும் நிரல் எழுதி முடிக்கும் முன்பே கைவைக்கிறது. எனவே ஆறவிடல். வினை ஆறவிடு, அளவு ஆறவிடும் நேரம்.

இரண்டு எச்சரிக்கைகள். சுருக்குவதாக எண்ணி "ஆறுநேரம்" என்று எழுதிவிடாதீர்கள், ஆறு மணி நேரமா என்று கேட்பார்கள். "ஆறப்போடல்" என்றும் வேண்டாம். பேச்சுவழக்கில் ஆறப்போடுவது என்றால் ஒரு பிரச்சினையைக் கிடப்பில் போடுவது. ஆறவிடுவதில் கவனிப்பு தொடர்கிறது.

—

மறு: மறு: மறு: சொல் வேண்டும்

ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. என் மூன்று சொற்களும் போயின, வந்தவை மேலானவை.

ஆறவிடலை நடப்போடு உரசிப் பார்த்தேன். முதலில் தோன்றிய ஐயம்: கோப்பு எழுதி மூடப்பட்டது என்று ஐநோட்டிஃபை தனியாகவே ஒரு தகவல் தருகிறதே, அதற்குக் காத்திருந்தால் போதாதா, நொடிக்கணக்கும் அதற்கொரு சொல்லும் எதற்கு? போதாது. சில நிரல்கள் ஒவ்வொரு துண்டை எழுதும்போதும் கோப்பைத் திறந்து எழுதி மூடும். அவற்றுக்கு மூடல் தகவலே மழையாக வரும். என்எஃப்எஸ் என்ற பிணையக் கோப்பு முறை வழியாக இணைத்த அடைவில் வேறொரு கணினி எழுதினால், அந்த மாற்றம் நம் கணினியின் ஐநோட்டிஃபைக்குத் தெரியவே தெரியாது. ஆக, மூடல் தகவலைக் கேட்டாலும் நேரம் பார்த்து ஆறவிடுவதும் வேண்டும்.

அலைச்சல் எல்லாக் கோப்புக்கும் வருவதில்லை என்பதையும் உதவிப் பக்கத்தில் எழுத வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் இறங்கிக்கொண்டிருக்கும் கோப்பை ".பார்ட்" என்ற ஈற்றுப் பெயரில் வைத்திருக்கும். கோப்புகளைப் படியெடுக்கும் ஆர்சிங்க் நிரல், புள்ளியில் தொடங்கும் மறைபெயரில் எழுதி, முழுதும் வந்தபின் உரிய பெயருக்கு மாற்றும். இவற்றில் கோப்பு மேலாளர் வளர்ச்சியைப் படமாகவோ காணொளியாகவோ பார்ப்பதே இல்லை. டபிள்யூகெட் என்ற பதிவிறக்க நிரல் நேரடியாக இறுதிப் பெயரிலேயே எழுதும். திரைப்பதிவு நிரல்கள் பலவும் அப்படித்தான். மாட்டிக்கொள்வது இவைதான். இதைச் சொல்லாவிட்டால், "நான் நாள் முழுக்கப் பதிவிறக்குகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று ஒருவர் பிழை அறிக்கையை மூடிவிடுவார்.

இன்னொரு குழப்பமும் வரும். சிறுபடம் வரையக் கோப்பின் அளவுக்கு ஒரு வரம்பு வைக்க நாட்டிலஸிலும் டால்ஃபின் என்ற இன்னொரு கோப்பு மேலாளரிலும் இடமுண்டு. வளரும் கோப்பு அந்த வரம்பைத் தாண்டிவிட்டால் அதற்குப் படம் வரையும் வேலை இல்லை; திணறலும் தானே நிற்கும். பதிவின் தொடக்கத்தில் மட்டும் கணினி மந்தமாவதாக எழுதுபவர்கள் பொய் சொல்வதில்லை.

த்ராட்டிலுக்கு மட்டுப்படுத்தல் போதும், புதிதாக ஒன்றும் வேண்டாம். "மட்டுறுத்தல்" என்று மட்டும் எழுதிவிட வேண்டாம்; அது உரையாடலை நெறிப்படுத்துவதற்குப் போய்விட்டது. ஆறவிடலும் மட்டுப்படுத்தலும் வேறு வேறு என்பதைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டையும் சொல்விளக்கத்தில் சேர்க்கிறேன். இரண்டு மணி நேரம் இடைவிடாமல் வளரும் பதிவுக்கு ஆறவிடல் மட்டும் வைத்தால் இரண்டு மணி நேரமும் வெறும் காணொளிச் சின்னம்தான் தெரியும். அதில் நட்டமில்லை, முடியாத எம்பி4 காணொளிக்குப் பெரும்பாலும் எப்படியும் படம் வராது. ஆனால் முப்பரிமாணக் காட்சியை வரையும் நிரல் ஒரே படக்கோப்பை அடிக்கடி மேலெழுதிக்கொண்டிருந்தால், வேலை எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்கப் பயனருக்கு அந்தச் சிறுபடம் தேவைப்படலாம். அங்கே மட்டுப்படுத்தல்தான் சரி. எந்தக் கோப்புக்கு எது என்று நிரல் தானாக முடிவெடுப்பது கடினம். அது நம் வேலையும் இல்லை.

ஆக, சரங்கள் இப்படி: செயல், "சிறுபடத்தை மறுபடி வரை". அமைப்பு, "மாறும் கோப்புகளை ஆறவிடும் நேரம்", பக்கத்தில் எண், அதன்பின் "நொடி". நிலைச் செய்தி, "கோப்பு இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது, அடங்கியதும் சிறுபடம் வரையப்படும்". இந்தக் கடைசிச் செய்தியில் கலைச்சொல்லே இல்லை என்பது எனக்கு நிறைவுதான். சிறுபட அலைச்சல் பயனர் கண்ணில் படும் இடத்தில் வராது. உதவிப் பக்கத்திலும் பிழை அறிக்கைகளின் தலைப்பிலும் மட்டும் இருக்கட்டும்.

நிலைச் செய்தி நீளமானது. கோப்பு மேலாளர் சாளரத்தைப் பாதியாகக் குறுக்கினால் அது வெட்டுப்படுகிறதா என்று யாராவது ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். வெட்டுப்பட்டால் முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு பின்பாதியைக் குறிப்புதவியில் (சுட்டியை மேலே வைத்தால் தோன்றும் சிறு பெட்டியில்) போட்டுவிடுகிறேன்.