தக்ளியில் நூற்ற நூலில் பின்னினால் துண்டு ஒரு பக்கம் சாய்கிறது, ஏன்?

வவுனிக்குளத்துப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவிப் பக்கம் இருந்து எழுதுகிறேன். போன கிழமை முழுக்க மழை, குளம் வான் பாயத் தொடங்கிவிட்டது, தோட்டத்தில் கால் வைக்க முடியாது, பாதி நாள் கரண்டும் இல்லை. அதனால் நெடுநாளாக மனதில் கிடந்த ஒரு வேலையைக் கையில் எடுத்தேன். எங்கள் கிணற்றடியில் இரண்டு பருத்திச் செடி நிற்கிறது, அம்மா விளக்குத் திரிக்காக வைத்தது. அந்தப் பஞ்சில் நூல் நூற்று, அந்த நூலிலேயே அக்காவின் பிள்ளைக்கு ஒரு தொப்பி பின்ன வேண்டும். பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாளுக்கு இன்னும் 18 நாள் இருக்கிறது.

தக்ளியை, அதாவது கையால் சுழற்றி நூல் நூற்கும் கதிரை, நானே செய்தேன். பழைய சைக்கிள் கம்பியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, மேல் நுனியைக் கொக்கியாக வளைத்து, அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் வட்டமாக உரஞ்சிய சிரட்டைத் துண்டை இறுக்கினேன். இன்னொரு சிரட்டைக்குள் அடி நுனியை ஊன்றிச் சுழற்றினால் வடிவாகச் சுழல்கிறது. பின்னல் ஊசியும் அதே சைக்கிள் கம்பிதான், 2 மில்லிமீற்றர் தடிப்பு, நுனியைச் சீமெந்து நிலத்தில் உரஞ்சி எடுத்தேன்.

முதல் இரண்டு நாளும் இழை அறுந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள்தான் விளங்கியது: முறுக்கு வந்து சேர்வதற்கு முன்பே பஞ்சை இழுத்து மெல்லிசாக்கிவிட வேண்டும், முறுக்கு ஏறிய பிறகு இழுத்தால் அறும். அதற்குப் பிறகு கை தானாகப் போகத் தொடங்கியது. ஒரு சிட்டம், அதாவது ஒரு கட்டு நூல், நூற்று முடித்த பிறகு ஒரு அத்தியாயம் வாசிக்கலாம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன், ஏழு நாளில் மூன்று நாவல் முடிந்தது. இப்படி ஒரு கிழமை எனக்கு வாய்த்து எத்தனையோ வருடம்.

பிரச்சினை இதுதான். 40 கண்ணி போட்டு ஒரு சதுரத் துண்டு பின்னிப் பார்த்தேன், ஒரு பக்கம் முழுக்க நேர்க் கண்ணி. சதுரமாக வரவில்லை, காற்றில் சாய்ந்த கதவு மாதிரி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறது. கண்ணியை மூன்று முறை எண்ணினேன், ஒன்றும் குறையவில்லை. கடையில் வாங்கிய நூலில் அதே ஊசியால் பின்னினால் நேராக வருகிறது. ஏன் இப்படி, நூற்ற நூலைக் காப்பாற்ற வழி உண்டா? அப்புறம், நூற்கும்போதே வாசிக்க யாராவது பழகியிருக்கிறீர்களா? இந்த மழைக்கு வாசிக்க எங்கள் பக்கத்துக் கதை ஏதும் இருந்தாலும் சொல்லுங்கள்.

பூநகரி அக்கா எழுதியது:

தங்கச்சி, உங்கள் பின்னலில் பிழை இல்லை. நூலில் முறுக்கு மிஞ்சி நிற்கிறது, அது தன்னை அவிழ்க்கப் பார்க்கிறது, அவிழ இடம் இல்லாததால் ஒவ்வொரு கண்ணியையும் ஒரே பக்கமாகத் திருப்புகிறது. 40 கண்ணியும் கொஞ்சம் கொஞ்சம் திரும்பினால் துண்டு முழுவதும் சாயும். கடை நூல் அப்படிச் செய்யாததற்குக் காரணம், அதில் இரண்டோ மூன்றோ நாலோ இழையை எதிர்ப்பக்கமாக முறுக்கியிருப்பார்கள், ஒன்றின் இழுவையை மற்றது பிடித்து நிறுத்தும்.

பருத்தியில் இது கூடுதலாகத் தெரியும். ஆட்டு மயிர் நீளம், கொஞ்ச முறுக்கிலேயே பிடித்துக்கொள்ளும். எங்கள் வளவுப் பருத்தியின் இழை ஒரு அங்குலம் வந்தாலே பெரிது, நிறைய முறுக்கினால்தான் நூலாக நிற்கும். ஆகவே நீங்கள் முறுக்கைக் குறைக்கப் பார்க்க வேண்டாம், அறுந்துவிடும்.

செய்ய வேண்டியது இரட்டை முறுக்கு. நூற்ற இழையை ஒரு இரவு அப்படியே விடுங்கள். அடுத்த நாள் இரண்டு இழையைச் சேர்த்து ஒரே உருண்டையாகச் சுற்றி, தக்ளியை நூற்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுழற்றி முறுக்குங்கள். எவ்வளவு முறுக்குவது என்று கண்ணால் பார்த்தே சொல்லலாம்: ஒரு முழம் நூலை வெளியே எடுத்து இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிடுங்கள். அது தொட்டில் போல அமைதியாகத் தொங்கினால் சரி. தன்னைத்தானே சுற்றிக்கொண்டால் இன்னும் சரிவரவில்லை.

பிறகு சிட்டமாகச் சுற்றி நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, சவர்க்காரமும் கொஞ்சம் சலவைச் சோடாவும் போட்டு ஒரு மணித்தியாலம் அவியுங்கள். பச்சைப் பருத்தியில் இயற்கையாகவே மெழுகு இருக்கிறது, அதனால்தான் தண்ணீரில் போட்டதும் மிதக்கும். அவிந்து மெழுகு போனால் கீழே இறங்கும், தண்ணீர் தேத்தண்ணி நிறமாகும். பயப்பட வேண்டாம், அது அழுக்கு இல்லை. பச்சைப் பிள்ளையின் தலைக்கு என்றால் அவிக்காமல் விடவே கூடாது, மெழுகு உள்ள நூல் வியர்வையை உறிஞ்சாது.

இன்னொன்று, இரட்டை நூல் தடிப்பாக வரும், 2 மில்லிமீற்றர் ஊசி இறுக்கும். மூங்கிலைச் சீவி 3 மில்லிமீற்றரில் ஊசி செய்து மெழுகுதிரி தேய்த்துவிடுங்கள். பருத்தி கம்பளி மாதிரிச் சுருங்கி விரியாது, தொப்பி விளிம்பு நாளடைவில் தளரும், ஆகவே விளிம்புக்கு நாலைந்து கண்ணி குறைத்தே போடுங்கள்.

நெடுங்கேணித் தம்பி எழுதியது:

அக்கா சொன்னது முழுக்கச் சரி, ஆனால் 18 நாளில் எல்லாவற்றையும் இரட்டை முறுக்குப் போடுவது என்றால் இரண்டு மடங்கு நூல் நூற்க வேண்டி வரும். இருக்கிற ஒற்றை இழையை வைத்தே ஒரு வழி இருக்கிறது. அவித்து, ஈரத்தோடு தொங்கவிட்டு, கீழே ஒரு கல்லைக் கட்டிக் காயவிடுங்கள், முறுக்கு பெரும்பாலும் அடங்கும். பருத்தி ஈரத்தில் பலம் கூடும், கல் கட்டினால் அறாது. பின்னும்போது எல்லாம் நேர்க் கண்ணியாகப் போடாமல் ஒரு கண்ணி முன்னால், ஒரு கண்ணி பின்னால், அடுத்த வரிசையில் மாற்றி என்று போனால் ஒன்றின் சாய்வை மற்றது வெட்டிவிடும். நான் இப்படித்தான் அப்பாவுக்குத் தலையணை உறை ஒன்று பின்னினேன், நேராகவே இருக்கிறது.

நீங்கள் நூற்ற நேரமும் நல்ல நேரம். மாரி ஈரத்தில் இழை அறுவது குறைவு. சோளகக் காற்று வறண்டு வீசும் காலத்தில் இதே பஞ்சு மூக்குக்கும் கண்ணுக்கும்தான் பறக்கும். கொட்டை எடுக்க விரலை வருத்த வேண்டாம், பலகையில் பஞ்சை வைத்து இரும்புக் கம்பியை அழுத்தி உருட்டினால் கொட்டை முன்னால் தெறித்து வரும். பஞ்சு போதுமா என்றும் பாருங்கள், கொட்டையோடு 100 கிராம் என்றால் பஞ்சு 35 கிராம் அளவில்தான் தேறும். குறைந்தால் இலவம் பஞ்சைச் சேர்க்க நினைக்காதீர்கள். நான் ஒரு மாதம் அதோடு மினக்கெட்டேன். பருத்தி இழை காயும்போது தானாகவே சுருண்டு ஒன்றையொன்று பிடிக்கும், இலவம் வழுவழுவென்று உள்ளே வெறும் குழாயாக இருக்கும், பிடிப்பே இல்லை. மெத்தைக்குத்தான் அது.

ஒட்டுசுட்டான் வாத்தியார் எழுதியது:

பிள்ளை, வாசித்து மிகவும் சந்தோஷப்பட்டேன். நூலும் நாவலும் ஒரே கிழமையில் என்பது உங்களுக்குத் தற்செயலாக அமைந்திருக்கலாம், தமிழில் அது பழைய உறவு. நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் நூல் செய்வதை நூல் நூற்பதாகவே சொல்கிறார். சொல்தான் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கும் பெண், அவன் வாய்தான் கை, அறிவுதான் கதிர். நூற்பவர்களை அருகில் இருந்து பார்க்காமல் கதிரை அறிவு என்று சொல்ல முடியாது என்பது என் எண்ணம். சுழலுவது அதுதான், கதிர் தள்ளாடினால் இழை முழுவதும் கெடும். உங்கள் சிரட்டை வட்டம் நடுவில் இல்லாவிட்டால் தக்ளி தள்ளாடும், அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்ததும் கதர் நிதி சேர்க்கத்தான். நம் மண்ணுக்கு இராட்டையும் தக்ளியும் புதியவை அல்ல.

நூற்கும்போது கண் இழையில் இருக்க வேண்டும், புத்தகம் சரிவராது. வீட்டில் தம்பி, தங்கச்சி இருந்தால் உரத்து வாசிக்கச் சொல்லுங்கள், அவர்களுக்கும் தமிழ் வரும். வெறும் நேர்க் கண்ணிப் பின்னல் என்றால் கை பழகியபின் புத்தகத்தை முன்னால் நிறுத்திவைத்து வாசிக்கலாம். வாசிக்க, அ. பாலமனோகரனின் நிலக்கிளி. 1973இல் வந்தது, முல்லைத்தீவுத் தண்ணிமுறிப்புக் காடும் குளமும்தான் களம். நூலகம் இணையத்தளத்தில் இருக்கிறது. இந்த மழைக்குள் இருந்துகொண்டு அதை வாசிப்பது தனி, கதாநாயகி பதஞ்சலி நடக்கும் காடு உங்கள் படலைக்கு வெளியே நிற்பது போல இருக்கும்.

வவுனிக்குளத்துப் பிள்ளை எழுதியது:

அக்கா, தம்பி, சேர், மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன்.

இரண்டையும் செய்து பார்த்தேன். தம்பி சொன்னபடி ஒற்றை இழையை அவித்துக் கல் கட்டிக் காயவிட்டதில் சாய்வு பாதிக்கு மேல் போனது, கண்ணியை மாற்றி மாற்றிப் போட்டதும் துண்டு நேராக நின்றது. ஆனால் தொட்டுப் பார்த்தால் அக்காவின் இரட்டை நூல்தான் மெத்தென்று இருக்கிறது, தொப்பி அதில்தான். அவிக்கும்போது முதலில் சிட்டம் மிதந்தது, அகப்பைக் காம்பால் அமுக்க அமுக்க மேலே வந்தது, அரை மணித்தியாலத்தில் ஒரு மூலை இறங்கி, பிறகு முழுவதும் அடியில் போய்ப் படுத்துவிட்டது. தண்ணீர் கடும் பிளேன்ரீ நிறம். அம்மா அடுப்படியில் நின்று பார்த்துவிட்டு, இத்தனை காலம் இந்தப் பஞ்சில்தானா திரி திரித்தேன் என்று கேட்டா.

சேர், சிரட்டை வட்டம் உண்மையிலேயே ஒரு நெல்லளவு விலகி இருந்தது. கழற்றி உரஞ்சிப் போட்டேன், இப்போது சத்தமே இல்லை. தங்கச்சி பின்னேரத்தில் நிலக்கிளி வாசிக்கிறாள், நான் பக்கத்தில் இருந்து முறுக்குகிறேன். நேற்று ஒரு இடத்தில் அவள் நிறுத்திவிட்டு, அக்கா கை ஏன் நிற்கிறது என்று கேட்டாள். அதுவரை இழையைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

விளிம்புக்கு 68 கண்ணி போட்டு நாலு விரல் அளவு பின்னியாகிவிட்டது. இன்னும் இரண்டு சிட்டம் முறுக்க வேண்டும்.